காருக்கு அடியில்: அன்றும் இன்றும்

அம்பாசடர் வைத்திருந்தவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு நம்பிக்கை உலவுகிறது. அந்தக் காலத்துக் கார் எளிமையானது. பானட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எது கெட்டாலும் வீட்டு வாசலிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். இந்தக் காலத்துக் காரில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு யாரும் கைவைக்க முடியாது என்றும் கூடவே சொல்வார்கள். இன்ஜினைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் காருக்கு அடியில், சக்கரத்தையும் உடலையும் இணைக்கிற சஸ்பென்ஷன் பக்கம் தலையை நுழைத்துப் பார்த்தால் கதை தலைகீழ். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் தேய்ந்துபோன சஸ்பென்ஷன் பாகத்தை வீட்டிலேயே புதுப்பிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். பதினைந்து வயதான சான்ட்ரோவிலும் ஆல்டோவிலும் அது பொறுமையுள்ள இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடக்கூடிய வேலை. அப்படியிருந்தும், அன்று காருக்கு அடியில் படுத்தவர்கள் அதிகம். இன்று படுப்பவர்கள் குறைவு. ஏன் இப்படி ஆனது?

ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை

1980களின் தொடக்கம்வரை தமிழ்நாட்டில் குடும்பக் கார் என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அப்படியே அச்சாகக் கொண்டு 1950களின் இறுதியில் பிறந்த அம்பாசடர். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த ஃபியட் 1100, பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறியது. 1961 முதல் சென்னைக்கு வெளியே வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே ஐரோப்பா 1950களில் வரைந்த வண்டிகள்.

அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. வண்டியின் தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு எஃகுக் கம்பிகள்தாம் முன்பாரத்தைத் தாங்கின. சக்கரம் மேடேறும்போது கம்பி ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொள்ளும்; இறங்கும்போது விரியும். பின்பக்கம், குதிரை வண்டியிலும் லாரியிலும் நாம் பார்த்த அதே கமான் பட்டை. ஃபியட்டுக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை. ஹெரால்டில் பின்சக்கரம் இரண்டுக்கும் பொதுவாகக் குறுக்குவாட்டில் ஒரே ஒரு பட்டைக் கட்டு.

இந்த வண்டிகளின் முக்கியமான மூட்டுகள் பலவற்றில் உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசின. இடையில் கிரீஸ் இல்லாவிட்டால் தேய்மானம் உடனே தொடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு நிப்பிள். கிரீஸ் கன்னின் வாயை அதில் பொருத்தி அழுத்தினால் புதுக் கிரீஸ் உள்ளே போய், பழையது கறுத்து ஓரங்களில் பிதுங்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களின் கையேடுகள் இதை ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்யச் சொல்லின. இன்றைய கணக்கில் பார்த்தால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரு தடவை போய்வந்தாலே நாள் நெருங்கிவிடும்.

இந்த வேலை வீட்டில் நடந்தது. டிரைவர் இருந்தால் டிரைவர், இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர், கூடவே கிரீஸ் துணி எடுத்துக் கொடுக்க ஒரு பையன். கிரீஸ் அடிப்பது மட்டுமல்ல அதன் பலன். எந்த நிப்பிளில் கிரீஸ் ஏற மறுக்கிறது, எந்த மூட்டிலிருந்து பழைய கிரீஸ் செந்நிறமாகத் துருவோடு வருகிறது, எந்தப் பட்டையில் ஒரு இலை விரிசல் கண்டிருக்கிறது என்பதெல்லாம் அடியில் படுத்தவர் கண்ணில் தானாகவே பட்டது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் எவ்வளவு ஆட்டம் வந்திருக்கிறது என்று கை சொல்லிவிடும். சத்தம் வருவதற்கு வெகுநாள் முன்பே தேய்மானம் தெரிந்துவிட்டது.

கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஹெரால்டு நல்ல உதாரணம். அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த முனை ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரையில்தான் சுழலும். அந்தக் கட்டைக்கு டிரன்னியன் என்று பெயர். அதற்குக் கிரீஸ் ஆகாது. கியர் பெட்டிக்கு ஊற்றும் கெட்டியான இ.பி. 90 எண்ணெய்தான் வேண்டும். மற்ற இடங்களுக்கு அடிக்கிற கையோடு இதற்கும் கிரீஸ் அடித்துவிட்டால், நாளடைவில் அது உள்ளே இறுகும். மரையின் அடிவரை மசகு இறங்காது. தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும். கடைசியில் தண்டு முறிந்து, வண்டி திரும்பும்போது சக்கரம் உட்பக்கமாக மடங்கிவிடும். ஒரு கரண்டி எண்ணெயில் தவிர்த்திருக்கக்கூடிய விபத்து.

வாசலில் முடியாத வேலை

பராமரிப்பு வீட்டில் நடந்தது. தேய்ந்த பிறகான வேலை வீட்டில் நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. ஏக்கத்தோடு பேசும்போது நாம் மறந்துவிடுவது இதைத்தான்.

கிங்பின் வேலையை எடுத்துக்கொள்வோம். முன்சக்கரம் இடம் வலம் திரும்புவதற்கான முளை அது. அதைச் சுற்றியுள்ள வெண்கல புஷ் தேய்ந்தால் ஸ்டீயரிங் ஆடும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். பழைய புஷ்ஷை அடித்து எடுத்துப் புதியதைப் பிரஸ்ஸில் வைத்து இறக்க வேண்டும். இறக்கியதும் அதன் துளை சற்றுச் சுருங்கியிருக்கும். கிங்பின் ஆடாமலும் இறுகாமலும் நிற்கும் அளவுக்கு அதை ரீமர் போட்டுக் கடைந்தெடுக்க வேண்டும். மேலும் கீழும் இரண்டு புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். மயிரிழை அதிகமாகக் கடைந்துவிட்டால் புது புஷ் பழையதாகிவிடும். லேத் பட்டறையும் பழகிய கையும் இல்லாமல் இது ஆகாது.

கமான் பட்டை இன்னொரு உலகம். பாரம் ஏறி ஏறிப் பட்டை வளைவு இழந்து தட்டையாகிவிட்டால் கார் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அப்போது யூ போல்ட்டுகளைக் கழற்றி, பட்டைக் கட்டைப் பிரித்து, பட்டறைக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே ஒவ்வொரு இலையையும் மற்ற இலைகளோடு பொருந்தும்படி அடித்து வளைவு ஏற்றுவார்கள். விரிசல் கண்ட இலையை மாற்றுவார்கள். வீட்டில் ஆட்கள் அதிகம், சாமான் அதிகம் என்றால் ஓர் இலை கூடுதலாகவும் சேர்ப்பார்கள். கூடுதல் இலை போட்ட கார் பாரத்தைத் தாங்கும். ஆனால் தனியாக ஓட்டிப்போகும்போது முதுகை உடைக்கும். கழித்துப்போட்ட பட்டையும் வீண்போகாது. லாரிப் பட்டையில் அடித்த அரிவாள் என்றால் கிராமத்தில் இன்றும் மதிப்பு. வளைந்து நிமிரத் தெரிந்த எஃகு கூர்மையையும் தாங்கும் என்பது கொல்லருக்குத் தெரியும்.

ஷாக் அப்சார்பரைக்கூடத் தூக்கிப்போடாமல் பிரித்து, சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றித் திருப்பித் தரும் ஆட்கள் இருந்தார்கள். புதிது வேண்டுமென்றால் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையது வேண்டுமென்றால் புதுப்பேட்டை. வெளியூர்க்காரர்கள் பாகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து, அதே மாதிரி இன்னொன்றைத் தேடி வாங்கிப்போன காலம் அது. ஸ்பேனரிலும் சாதி வேறுபாடு இருந்தது. அம்பாசடருக்கு அங்குல அளவு, ஃபியட்டுக்கு மில்லிமீட்டர் அளவு. ஒரு வீட்டுப் பெட்டி அடுத்த வீட்டு வண்டிக்கு உதவாது.

அந்தக் காலத்தின் எல்லாப் பழக்கமும் பின்பற்றத் தக்கதல்ல. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் பழைய இன்ஜின் ஆயிலை டீசலில் கலந்து வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் பீச்சுவார்கள். துரு பிடிக்காது, பட்டை கிறீச்சிடாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த எண்ணெய் பட்டையின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்ஷையும் ஊறவைத்து, உப்பவைத்துக் கெடுத்தது. சத்தத்தை அடக்கச் செய்த காரியமே அடுத்த சத்தத்துக்கு வழிவைத்தது.

ரப்பரும் அடைத்த மூட்டும்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சின்ன வண்டி, ஜப்பான் இன்ஜின் என்பதையே எல்லோரும் பேசினார்கள். அதன் முன்சக்கரங்களுக்குப் பின்னால் நடந்திருந்த மாற்றத்தைக் கவனித்தவர்கள் மெக்கானிக்குகள் மட்டுமே.

ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களின் பிற்பகுதியில் வகுத்த அமைப்பு அது. 1950களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஃபோர்டு கான்சல், செஃபையர் கார்களில் பரவியது. அதைக் குடும்பக் கார் வழியாக இந்திய வீடுகளுக்குக் கொண்டுவந்தது மாருதி. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரம் திரும்புவதற்கான அச்சு ஆகிய மூன்றையும் ஒரே நெடுங்குழலில் சேர்த்துவிடுவதுதான் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டின் சூட்சுமம். கிங்பின் போயிற்று. சக்கரத்தை உடலோடு இணைத்த மேல் ஆர்ம் போயிற்று. கீழே ஒரு லோயர் ஆர்ம். அதன் நுனியில் ஒரு பால் ஜாயிண்ட். அவ்வளவுதான்.

கூடவே இன்னொன்றும் மாறியது. பால் ஜாயிண்டுக்குள் கிரீஸைத் தொழிற்சாலையிலேயே அடைத்து, மேலே ரப்பர் உறை போட்டு மூடிவிட்டார்கள். உலோக புஷ் இருந்த இடங்களில் இரும்போடு ஒட்டவைத்த ரப்பர் புஷ் வந்தது. ரப்பர் உரசுவதில்லை; முறுக்கிக்கொண்டு விடுகிறது. அதனால் கிரீஸும் வேண்டாம், நிப்பிளும் வேண்டாம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது, கிரீஸ் கன் என்பது நகரத்துப் பையன்களுக்குப் பெயரளவில்கூடத் தெரியாத பொருளாகிக்கொண்டிருந்தது. 2014இல் மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் நின்றது. பழைய கார் என்ற சொல்லைக் கேட்டதும் நினைவில் வருகிற வண்டியும் மாறிவிட்டது.

இந்தப் பாகங்களைச் செய்வதில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளைச் செய்யும் ராணே மெட்ராஸ் இந்த ஊர்க் கம்பெனி. அன்று பாகத்தைத் தேடிச் சென்னைக்கு பஸ் ஏறியவரின் பேரன், இன்று வண்டியின் மாடலையும் ஆண்டையும் தட்டச்சு செய்து, பாக எண்ணைச் சரிபார்த்து, தேனியிலோ பட்டுக்கோட்டையிலோ வீட்டு வாசலில் பெட்டியை வாங்கிக்கொள்கிறான். போலிச் சரக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று கடைக்காரரின் முகத்தைப் பார்த்து நம்பினார்கள். இன்று பெட்டியின் முத்திரையைப் பார்த்து நம்ப வேண்டியிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

பழைய குடும்பக் காரில் அடியில் வரும் சத்தங்களுக்கு இன்றும் அகராதி ஒன்றுண்டு. சின்னச் சின்னப் பள்ளத்தில் ‘டொக் டொக்’ என்று லேசாகத் தட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடை. பிரேக் போடும்போது ‘தட்’ என்று ஒரே ஒரு அடி விழுந்தால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்பக்கம் முறுக்கி விடுபடுவதுபோல் சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் மேல்முனை பேரிங். வேகத்தடையைத் தாண்டிய பிறகும் மூக்கு இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் தன் வேலையை விட்டுவிட்டது. டயரைக் கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டாலும் பெரும்பாலும் அதே தீர்ப்புதான்.

இவற்றில் லிங்க் ராடு மிக எளிது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு நட். நட்டைத் திருப்பும்போது உள்ளிருக்கும் தண்டும் சேர்ந்து சுழலும். அதைப் பிடித்துக்கொள்ளத் தண்டின் நுனியில் ஆலன் சாவிக்கு இடம் விட்டிருப்பார்கள், அல்லது பின்னால் தட்டையாக வெட்டியிருப்பார்கள். முதல் நாள் இரவே துரு விடுவிக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டால் பாதி வேலை முடிந்தது. அலைன்மென்ட் பார்க்கத் தேவையில்லாத வேலை என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

லோயர் ஆர்ம் அடுத்த படி. பல கார்களில் பால் ஜாயிண்டைத் தனியாக மாற்றாமல் புஷ், பால் ஜாயிண்டோடு சேர்த்து முழு ஆர்மாகவே விற்கிறார்கள். பட்டறையில் பிரஸ் போட்டு புஷ் மட்டும் மாற்றிய காலத்தோடு ஒப்பிட்டால் இது விரயமாகத் தோன்றும். ஆனால் வீட்டில் செய்பவருக்கு இதுதான் வசதி. பிரஸ்ஸே வேண்டாம், கழற்றி மாட்டினால் போதும். ஒரு நுணுக்கத்தை மட்டும் மறக்கக் கூடாது. ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் இறுகப் பூட்டக் கூடாது. அப்படிப் பூட்டினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். புதுப் புஷ் சில மாதங்களில் கிழியும். முதலில் சும்மா பிடிக்கும் அளவுக்கு இறுக்கி, வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுதியாக இறுக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தவறவிடுகிற பட்டறைகளும் உண்டு. சொந்த வண்டியில் சொந்தக் கையால் செய்பவருக்கு அந்த அவசரம் இல்லை.

ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து எடுப்பதுகூடக் கடினமல்ல. பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். வயர் இருந்தால் அதையும் விடுவித்து, கீழே இரண்டு போல்ட், மேலே பானட்டுக்குள் தெரியும் நட்டுகள், அவ்வளவே. கழற்றும் முன் கீழ் போல்ட்டுகளைச் சுற்றி பெயிண்டால் அடையாளம் போட்டுக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது சக்கரத்தின் சாய்வு ஏறக்குறைய பழைய இடத்துக்கு வரும். ஷாக் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் கிழடுமாக இருந்தால் வளைவிலும் பிரேக்கிலும் வண்டி ஒரே மாதிரி நடக்காது.

ஆனால் எடுத்த ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் இடத்தில் நிற்க வேண்டும். அதன் சுருள் ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையிலேயே உள்ளே அடைபட்டிருக்கிறது. உச்சியில் இருக்கும் ஒற்றை நட்டை, ஸ்பிரிங்கை அதற்கான கிளாம்ப் போட்டு முறையாக ஒடுக்காமல் கழற்றினால், மேல்தட்டு பறக்கும் வேகத்தில் தாடை உடையும், உயிரும் போகும். ஸ்ட்ரட்டை வீட்டில் கழற்றி, ஸ்பிரிங் மாற்றுவதை மட்டும் பட்டறையில் முடித்து, மறுபடி வீட்டில் மாட்டுவது புத்திசாலித்தனம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வண்டியைத் தூக்கி நிறுத்தும் விஷயத்திலும் காலம் நல்ல பக்கமாகவே மாறியிருக்கிறது. அன்று ஜாக்கியோடு செங்கல், மரக்கட்டை, கிடைத்தது எல்லாம் முட்டுக்கொடுக்கப்பட்டன. ஹாலோ பிளாக் கல் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும் என்பதை உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. இன்று ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கிறது. சமதரை, கைப்பிரேக், பின்சக்கரத்துக்கு அடைகல், வண்டியின் எடை ஸ்டாண்டின் மேல், கழற்றிய சக்கரம் காப்பாக வண்டிக்கு அடியில். இத்தனையும் இருந்தால்தான் உடம்பை உள்ளே விடலாம். வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே.

ஆர்ம், ஸ்ட்ரட், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எதைத் தொட்டாலும் வேலை முடிந்ததும் வண்டி நேராகப் போக வேண்டிய இடம் வீல் அலைன்மென்ட் கடை. அதை மட்டும் வீட்டில் துல்லியமாகச் செய்ய முடியாது.

கை எளிதானது, கண் போனது

வேலை இவ்வளவு எளிதாகியும் வீட்டில் செய்பவர்கள் பெருகவில்லை. காரணங்களை எல்லோரும் சொல்வார்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஸ்பேனர் சத்தம் கேட்டால் அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் புகார் வரும். ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. இதையெல்லாம் செய்யக் கற்றுக்கொடுத்த டிரைவர் அண்ணனும் எதிர்வீட்டு மாமாவும் இல்லை. அவர்கள் இடத்தில் யூடியூப் இருக்கிறது. தமிழிலேயே தெளிவாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நட் எவ்வளவு இறுக்கம் என்பதைக் கையைப் பிடித்துச் சொல்ல யூடியூப்பால் முடியாது.

இவையெல்லாம் உண்மைதான் என்றாலும் மேலோட்டமானவை. ஆழமான காரணம், வண்டி நம்மைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. அம்பாசடருக்குக் கிரீஸ் அடிக்காமல் இருக்க முடியாது. அதனால் எஜமானரோ டிரைவரோ மாதத்துக்கு ஒரு தடவையாவது அடியில் போய்த்தான் ஆக வேண்டும். இன்றைய மூட்டு எதையும் கேட்பதில்லை. அதனால் யாரும் போவதில்லை. அடைத்த பால் ஜாயிண்டின் ஆயுள் அதன் ரப்பர் உறையின் ஆயுள்தான். உறையில் ஒரு கீறல் விழுந்தால் மழைத்தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். அதற்குப் பிறகு அந்த மூட்டு, கிரீஸ் அடிக்கவே முடியாத கிங்பின்தான். கீறலை ஆரம்பத்தில் பார்த்தால் மூட்டு முற்றிலும் தளரும் முன் திட்டமிட்டு மாற்றலாம். பார்க்காவிட்டால், கூடவே டயரும் போன பிறகு சத்தம் வந்து சொல்லும்.

நம் தெருக்களோ பொறுமையைச் சோதிக்கின்றன. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும். தெருக்காரர்கள் சேர்ந்து போட்ட வேகத்தடைக்கு அந்த அகலத்தில் கால்வாசிகூட இருக்காது. உயரம் மட்டும் குறையாது. ஒவ்வொன்றும் லோயர் ஆர்ம் புஷ்ஷில் ஒரு அடி. குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம், மழைக்குப் பிறகு தெரியாமல் இறங்கிய குழி எல்லாம் அதே கணக்கில் சேரும். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்கு ஏறுவதைவிட, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை தினமும் போய்வருவதே சஸ்பென்ஷனைச் சீக்கிரம் தின்கிறது.

யார் தீர்ப்பு?

தனியார் காரின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. இந்தப் பதினைந்தாவது ஆண்டை ஒட்டித்தான் பல குடும்பங்கள் காரை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று உட்கார்ந்து பேசுகின்றன. அந்த நேரத்தில் அடியில் ஒரு சத்தம் வந்து, சர்வீஸ் சென்டரில் விட்டு, “சார், முன்னாடி சஸ்பென்ஷன் செட்டே மாத்தணும்” என்று ஒரு பெரிய எஸ்டிமேட் கைக்கு வந்தால், முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. அந்த எஸ்டிமேட்டில் இருக்கும் எல்லாமே தேவையாக இருக்கலாம். ஒரு லிங்க் ராடு மட்டுமே தேவையாகவும் இருக்கலாம். அடியில் பார்த்தவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

அதனால் எல்லோரும் ஸ்பேனர் செட் வாங்க வேண்டும் என்பதில்லை. அன்றைய கிரீஸ் கன் காலத்திலிருந்து ஒன்றை மட்டும் மீட்டெடுத்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி வைத்து, டார்ச் அடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் பார்ப்பது. ரப்பர் உறைகள் முழுசாக இருக்கின்றனவா, ஷாக்கில் எண்ணெய்க் கசிவு படிந்திருக்கிறதா, டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா என்று கவனிப்பது. இதற்கு ஜாக்கியும் வேண்டாம், சட்டை அழுக்காகவும் வேண்டாம். ஆர்வம் உள்ளவர் லிங்க் ராடிலிருந்து தொடங்கலாம். பழகியவர் லோயர் ஆர்ம் வரை போகலாம். ஸ்பிரிங்கை ஒடுக்குவதும் அலைன்மென்ட்டும் வெளியே. கழற்றுவதில்லை என்று முடிவெடுத்தவர்கூட மெக்கானிக்கிடம் “கீழே ஏதோ சத்தம் வருதுப்பா” என்று சொல்வதற்குப் பதில் “இடது பக்கம் பால் ஜாயிண்ட் உறை கிழிஞ்சிருக்கு, பாருப்பா” என்று சொல்ல முடியும். அந்த ஒரு வாக்கியம் அவர் கையில் வரப்போகும் எஸ்டிமேட்டையே மாற்றும்.

அம்பாசடர்க்காரருக்கு வண்டி தெரிந்திருந்தது அதன் எளிமையால் அல்ல. அது அவரை விடாமல் கீழே குனியவைத்ததால். இன்றைய பழைய கார் யாரையும் குனியச் சொல்வதில்லை; குனிபவருக்கோ அன்றைவிட எளிதாகக் கைகொடுக்கிறது. குனியாதவரின் வண்டி இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பதை வேறு யாராவதுதான் முடிவு செய்வார்கள்.